ஆளுக்கொரு வசனம்

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. பாயில் வந்து உட்கார்ந்தவர் யாரானாலும் ஒரு வசனமாவது வாசிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, கண் மங்கிய பெரியப்பா, அன்றைக்கு வந்திறங்கிய விருந்தாளி, பனையேறுகிறவர் என்று ஒருவருக்கும் விலக்குக் கிடையாது. அப்பாவைப் பெற்ற ஆச்சி வைத்த சட்டம் அது. வாசிக்கத் தெரியாதவருக்கு அவளே சொல் சொல்லாக எடுத்துக் கொடுப்பாள். அவர் திருப்பிச் சொல்வார். எவ்வளவு நேரமானாலும் மற்றவர்கள் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும்.

மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில், தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். செம்மணல், உடைமரம், பனை. பனந்தலைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரியும். 192 அடி உயரம் என்று பெரியவர்கள் அடிக்கடி சொல்லுவார்கள். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் கட்டி, 1847-இல் பிரதிஷ்டையான கோயில். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவக் கோயிலையும் கோயில் என்றுதான் சொல்வோம், குருவானவரை ஐயர் என்போம். எங்கள் ஊர்க் கோயில் சின்னது. ஓட்டுக் கூரை, ஒரு மணி. அந்த மணியின் முதல் அடிக்குக் குளித்து, இரண்டாம் மணிக்குப் புறப்பட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

நான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய வருஷம் வீட்டில் மத்தேயு சுவிசேஷம் தொடங்கினார்கள். முதல் அதிகாரமே வம்ச வரலாறு. ஆபிரகாமில் ஆரம்பித்துப் பெயர் பெயராக இறங்கி வரும். எனக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, சலாத்தியேலும் சொரொபாபேலும் வருகிற வசனம் என் தலையில்தான் விழும் என்று முன்னாலேயே கண்டுகொண்டேன். வயிற்றைக் கலக்கியது. அரிக்கேன் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஆச்சி என் பக்கம் நகர்ந்து வந்தாள். பெரிய எழுத்து வேதாகமம், முதுகு கிழிந்து பழைய சேலைத் துணியால் ஒட்டுப்போட்டது. பதநீர் காய்ச்சி, அகப்பை பிடித்துக் காய்த்துப்போன அவள் ஆள்காட்டி விரல் எழுத்துக்குக் கீழே மெல்ல ஊர்ந்தது. ‘சொ’ என்றாள். ‘சொ’ என்றேன். ‘ரொ’ என்றாள். சித்தப்பா சிரித்துவிட்டார். ஆச்சி விரலை எடுக்காமல் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. நான் அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடித்ததும் அடுத்த ஆளைப் பார்த்து, ‘ம், நீ வாசி’ என்றாள். பாராட்டு ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்குக் கிடைக்கிற அதே ‘ம்’ எனக்கும் கிடைத்தது. அன்றிலிருந்து அந்தப் பாயில் எனக்கு ஓர் இடம் இருந்தது.

அந்த வேதாகமம் 1871-இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு. இன்றைக்கும் எங்கள் சபைகளில் அதைத்தான் வாசிக்கிறார்கள். அதில் பாதிச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. ஆச்சியும் விளக்கமாட்டாள். கேட்டால், ‘வாசிச்சுக்கிட்டே இரு, வரும்’ என்பாள். பிற்காலத்தில் ஓய்வுநாள் பள்ளியில் நானே பாடம் எடுத்தபோது படம் காட்டினேன், கதை சொன்னேன், பாட்டுக் கட்டினேன். அவை எல்லாம் நல்லவைதான். ஆனால் என் மனதில் விசுவாசம் வேர்விட்டது எப்போது என்று யோசித்தால் கதையோ படமோ நினைவுக்கு வருவதில்லை. பெரியவர்களின் வட்டத்தில் எனக்கென்று ஒரு முறை வந்ததும், அது முடிகிற மட்டும் எல்லாரும் காத்திருந்ததும்தான் நினைவுக்கு வருகின்றன.

பாயின் கடைசியில் உட்காருகிறவர் எங்கள் பனைகளை ஏறிய தாத்தா. உறவுக்காரர் இல்லை, ஆனால் அந்த ஊரில் எங்களுக்கு எல்லாரும் தாத்தாதான். எழுத்து தெரியாது. 23, 91, 121 ஆகிய மூன்று சங்கீதங்களும் தலைகீழாகப் பாடம். விடியற்காலையில் மரத்தடிக்குப் போனால், தளைநாரைக் காலில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் மரத்தில் வைத்து, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். அப்புறம்தான் ஏறுவார். பதநீர்க் காலத்தில் ஒரு நாளைக்கு ரெண்டு தரம், மரம் மரமாக ஏறி இறங்குகிற உடம்பு அது. மரத்திலிருந்து விழுந்தவர்களை ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அதனால் அவர் கண்ணை மூடி நிற்கிறபோது நாங்கள் சத்தம் போடமாட்டோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ராத்திரி ஜெபத்தில் முடிவு ஜெபத்தை ஆச்சி அவருக்குத்தான் கொடுப்பாள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்கு அவ்வப்போது வருகிற உபதேசியார் இருப்பார். அவர்களுக்குக் கிடைக்காத முடிவு ஜெபம் இவருக்கு. மழைக்கு, மரத்துக்கு, மாட்டுக்கு, தன் மருமகளின் பிரசவத்துக்கு என்று வரிசையாகக் கேட்பார். கடவுளிடம் இவ்வளவு சாதாரணமாகப் பேசலாம் என்று எனக்குத் தெரியவந்தது அவர் வாயிலிருந்துதான்.

அடுப்பங்கரையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். பிடியரிசிக் கலயம். உலைக்கு அரிசி அளந்தவுடன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். அந்த வேலை எனக்கு. ‘உன் கை சின்னக் கை, ரெண்டு பிடி போடு’ என்று ஆச்சி சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் பதநீர் ஓய்ந்த மாதங்கள் இறுக்கமானவை. கருப்பட்டி விற்ற காசு தீர்ந்திருக்கும், அரிசி அளவு குறையும், கஞ்சியில் தண்ணீர் கூடும். அப்படி ஒரு நாள், ‘நமக்கே பத்தாதே ஆச்சி, இன்னிக்கு வேண்டாமா?’ என்று கேட்டேன். பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ‘அரைப் பிடி போடுட்டி. போடாம மட்டும் விட்டுராத’ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லாரும் அந்த அரிசியை ஓலைப்பெட்டியில் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அளந்து விற்ற காசில் ஒரு பங்கு தோர்னக்கல்லுக்குப் போகும் என்று சொல்வார்கள். டில்லி எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன்னாலேயே எனக்குத் தோர்னக்கல் தெரியும். ஆந்திராவில் ஒரு ஊர், அங்கே நம் ஆட்கள் ஊழியம் செய்கிறார்கள், என் பிடியரிசி அங்கே போகிறது. இன்றைய வரைபடத்தில் அது தெலங்கானா.

அந்தத் தொடர்பின் கதையை நான் பெரியவளான பிறகுதான் முழுசாகப் படித்தேன். எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரமாய் நான் நினைத்துக்கொள்கிற வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தகப்பனார் அந்த ஊர்க் குருவானவர். பையன் மெஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளியில் படித்தான். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதன் முன்னணியில் நின்றவர் அவர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் காசில் நம் ஆட்களை அனுப்புவோம் என்பதே அந்தச் சங்கத்தின் தீர்மானம். பிறகு அவரே தெலுங்கு நாட்டுக்கு ஊழியராகப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்னக்கல்லுக்கு அபிஷேகம் பெற்றார். வாங்கிக்கொண்டே இருந்த ஒரு சபை, அதுவும் பனையேறிப் பிழைத்த சனங்களின் சபை, கொடுக்கிற சபையாக மாறிய கணம் அது. இந்த வரலாற்றை யாரும் எங்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. அதற்கு முன்னாலேயே எங்கள் கை அதில் இருந்தது.

என்னோடு படித்த ஒரு பிள்ளை பக்கத்து ஊர். அவர்கள் ஊரில் அம்மன் கொடைக்கு முளைப்பாரி எடுப்பார்கள். விதை போட்டு, இருட்டில் வைத்து, நாள்தோறும் தண்ணீர் தெளித்து வளர்க்கிற பொறுப்பு அவள் தலையில். அந்த நாட்களில் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அவள் கவனமெல்லாம் அந்தப் பாரியில்தான் இருக்கும். ‘மஞ்சப் பூத்து வந்திருக்கு, நல்லா வரும்’ என்று சந்தோஷமாய்ச் சொல்லுவாள். நான் தோர்னக்கல்லைப் பற்றிச் சொல்லுவேன். சாமி வேறு வேறு என்றாலும் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

அசனம் பற்றிச் சொல்லாமல் எங்கள் பக்கத்து விசுவாசத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை, சபையார் அத்தனை பேரும் கோயில் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தி. முதல் நாள் சாயந்தரமே கத்தரிக்காய் மூட்டைகள் வந்து இறங்கும். பெண்கள் அரிவாள்மனையோடு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். வெங்காயம் உரிப்பது பிள்ளைகள் வேலை. கண்ணீர் விட்டுக்கொண்டே உரிப்போம். மண்ணில் நீளமாகக் குழி வெட்டிக் கோட்டை அடுப்புப் போட்டு, பனைமட்டையும் உடைவிறகும் எரித்து ஆண்கள் சமைப்பார்கள். வெந்த சோற்றைப் புது ஓலைப்பாயில் கொட்டுகிறபோது எழும்புகிற ஆவியில் பச்சை ஓலை வாசமும் கலந்திருக்கும். அந்தச் சோற்றுக்கு வேறெங்கும் அந்த மணம் வராது. காலையில் ஆராதனை, ஜெபம், பிறகு ஐயர் ஆசீர்வதித்ததும் பந்தி. கறிக்குழம்பு, கத்தரிக்காய், ரசம். மச்சுவீட்டுக்காரரும் அவர் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவரும் மணலில் பக்கம் பக்கமாக உட்கார வேண்டும். முன்வரிசை பின்வரிசை கிடையாது. வாளியைத் தூக்க வலு வந்த பையன்கள் எல்லாரும் பரிமாற வேண்டும். யாருக்கு முதலில் போடுவது என்று பார்த்துக்கொண்டு நின்றால் பின்மண்டையில் ஒரு தட்டு விழும்.

அதே ஊரில் அடுத்த நாள் என்ன நடந்தது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மறுநாள் முற்றத்தோடு நின்று பேசிவிட்டுப் போவார். எங்கள் திருச்சபைகளுக்குள் சாதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கல்யாணத்தில் இருந்தது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் இருந்தது. பெரியவர்கள் நினைப்பதைவிடப் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள். பந்தியில் பார்த்ததையும் முற்றத்தில் பார்த்ததையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பனையேறித் தாத்தா பாய்க்கு வந்து உட்கார்ந்ததும், முடிவு ஜெபம் அவருக்குப் போனதும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவதற்கு இதுவும் காரணம். ஆச்சி சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பாயை மட்டும் நீளமாக விரித்தாள்.

குருத்தோலை ஞாயிறு எங்களுக்கு வெளியிலிருந்து வந்த பண்டிகையாகவே தெரியவில்லை. ஓலைதான் எங்கள் சோறு. சனிக்கிழமையே குருத்து வெட்டி வரும். வெளிர் மஞ்சளாக, விரலில் மெழுகுபோல் ஒட்டும். ஈர்க்கை உரித்து, இலக்கை நீளமாகக் கிழித்து, குறுக்கே ஒரு மடிப்பு, மேலே ஒரு சுற்று, நுனியைப் பின்னால் செருகினால் சிலுவை. பெட்டி முடைகிற கைகளுக்கு அது ஒரு நிமிஷ வேலை. சின்னப் பிள்ளைகளுக்கு மடித்துக் கொடுப்பது கொஞ்சம் பெரிய பிள்ளைகளின் பொறுப்பு. அப்படி மடித்துக் கொடுக்கிறபோது ‘இதை எதுக்குக்கா பிடிக்கோம்?’ என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். நான் முதன்முதலில் யாருக்காவது வேதத்தைச் சொன்னேன் என்றால் அது அந்தத் திண்ணையில், மடியில் ஓலையை வைத்துக்கொண்டு.

பயத்தால் கற்பித்தவர்களும் உண்டு. ஒரு முறை வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் கூட்டத்துக்கு வந்து, நரகத்தைப் பற்றி மட்டுமே பேசினார். பிள்ளைகள் பலர் அழுதார்கள். அன்றைக்கு ராத்திரி என் தம்பி தூங்கவில்லை. ஆச்சி அவனைத் தன் பக்கத்தில் படுக்கப்போட்டு, கீர்த்தனை ஒன்றை முனகிக்கொண்டே தட்டிக் கொடுத்தாள். அந்தப் பிரசங்கத்தில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. அவன் கண்கள் நினைவில் இருக்கின்றன. பயந்து பிடித்துக்கொண்ட நம்பிக்கை பயம் போனதும் கையை விட்டுவிடும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அப்படித்தான் ஆனது.

தம்பி விட்டது வேறு காரணத்துக்காக. அவன் கல்லூரி முடித்து வந்த சமயம் சபைத் தேர்தல் நடந்தது. எங்கள் பக்கத்தில் சபைத் தேர்தல் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு அணி, பணம், பிறகு கோயில் வாசலில் கைகலப்பு, போலீஸ். பந்தியில் அவனுக்குச் சோறு போட்டவர்களும், அவன் சோறு போட்டவர்களும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கு வந்து, ‘இனிமே என்னைக் கோயிலுக்குக் கூப்பிடாதீங்கம்மா’ என்றான். அம்மா அழுதாள். அப்பா பேசவில்லை. ஆச்சி அப்போது படுக்கையில் இருந்தாள். அவனைக் கூப்பிட்டு, ‘கோயிலுக்கு வராட்டிப் போ. அசனத்துக்கு வந்து பரிமாறுவியா?’ என்று கேட்டாள். பரிமாறுவேன் என்றான். இன்றுவரை பரிமாறுகிறான். எந்த ஊரில் வேலை பார்த்தாலும் அதற்கு லீவு போட்டு வந்துவிடுவான். ஆராதனை முடிகிற வரைக்கும் அடுப்படியில் நிற்பான். பந்தி தொடங்கியதும் வாளியைத் தூக்குவான். சம்பளத்தில் ஒரு பங்கை யாருக்கும் சொல்லாமல் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுக்கிறான். எங்களுக்கே வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். அவன் விசுவாசியா இல்லையா என்று உறவுக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த இரண்டு பிள்ளைகளின் கதை இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வரும். ஒரு பிள்ளை 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகம். உபதேசியாரின் மகன், பன்னிரண்டு வயதில் சுவார்ட்ஸ் அவனைத் தஞ்சைக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்தார். பின்னாளில் வேதநாயக சாஸ்திரியாராகி, 1864 வரை வாழ்ந்து, தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்தார். ஆச்சி தம்பியைத் தட்டித் தூங்கவைத்தபோது முனகியதும் சாஸ்திரியார் கீர்த்தனைதான். இன்னொரு பிள்ளை இளவரசர் சரபோஜி. சுவார்ட்ஸ் அவரைத் தம் பிள்ளையாகவே பாவித்துக் காத்தார், கல்வி கொடுத்தார். சரபோஜி மதம் மாறவில்லை, சிவபக்தராகவே அரசாண்டார். சரசுவதி மகால் நூலகத்தை நூல்களால் நிரப்பினார். 1798-இல் சுவார்ட்ஸ் மறைந்த பிறகு, அவர் நினைவாக இங்கிலாந்தில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சலவைக்கல் சிற்பம் செய்வித்துத் தஞ்சைக் கோயிலில் வைத்தவர் அதே சரபோஜிதான். நான் அதைப் போய்ப் பார்த்திருக்கிறேன். படுக்கையில் கிடக்கிற பெரியவரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு பிள்ளை நம்பிக்கையை வாங்கிக்கொண்டது, இன்னொரு பிள்ளை அன்பையும் கல்வியையும் வாங்கிக்கொண்டது. வளர்த்தவரின் உழைப்பில் பாதி வீண் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு எங்கள் வீட்டு ஜெபம் சுருங்கிப்போனது. அவர் ஷிப்டு முடிந்து வருகிற நேரம் ஒன்று, பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருகிற நேரம் ஒன்று. ஆளுக்கொரு வசனம் என்ற சட்டத்தை மட்டும் விடவில்லை. சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து வாசிப்போம். மகள் எட்டாவது படிக்கிறபோது, ‘எதுக்கும்மா தினமும்?’ என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ‘தினமும் நாலு பேரும் ஒரே இடத்தில் உட்காருகிற நேரம் வேறு எது?’ என்று திருப்பிக் கேட்டேன். யோசித்துப் பார்த்து, வேறு இல்லை என்று அவளே ஒத்துக்கொண்டாள். ஜெபத்துக்கு அது முழுமையான காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வாசல் வழியாகத்தானே உள்ளே வர வேண்டும்.

மகள் இப்போது பெங்களூரில். ஞாயிறு ராத்திரி வாட்ஸ்அப் வீடியோவில் கூடுகிறோம். பேத்திக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவள் முறை வரும்போது ஆங்கிலத்தில் வாசிக்கிறாள். அதில் எனக்கு ஆரம்பத்தில் மனத்தாங்கல் இருந்தது. பிறகு, ஆபிரகாமும் தாவீதும் ஆச்சிக்கு மட்டும் சொந்த மொழியிலா வந்தார்கள் என்று நினைத்துச் சமாதானமாகிவிட்டேன். கீர்த்தனையை மட்டும் தமிழில்தான் பாட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குப் பிடிவாதம் உண்டு. ராகத்தோடு வருகிற சொல்லை அவள் வேறெங்கே போய் வாங்குவாள்? பாட்டின் எண்ணை எடுத்துச் சொல்லுகிற பொறுப்பு அவளுடையது. வாரத்தில் நடுவிலேயே மெசேஜ் அனுப்பிவிடுவாள். எந்தப் பாட்டு என்று அவள்தான் தேர்ந்தெடுப்பாள். நாங்கள் மறுபேச்சுப் பேசாமல் பாட வேண்டும்.

இந்த வருஷம் அவளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு தொடங்கியிருக்கிறது. குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்தபோது பெற்றோரும் ஞானப் பெற்றோரும் அவளுக்காகச் சொன்ன வாக்குறுதியை, இப்போது அவளே சபைக்கு முன்னால் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகுதான் திருவிருந்து. போன மாதம் ஒரு நாள் அவளே தனியாகப் போன் பண்ணினாள். ‘பாட்டி, எல்லாத்தையும் நம்புறேன்னு சொல்லச் சொல்றாங்க. எனக்கு இன்னும் அப்படி இல்லையே. சும்மா சொல்லலாமா?’ என்று கேட்டாள். அம்மாவிடம் கேட்டாயா என்றேன். அம்மா வருத்தப்படுவாள் என்றாள்.

சொல்லாதே என்றேன். இல்லாததை இருக்கிறது என்று கடவுளுக்கு முன்னால் சொல்லக் கூடாது. வருஷம் தள்ளிப்போனால் போகட்டும், ஐயரிடம் நானே பேசுகிறேன், உன் அம்மாவிடமும் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்போ ஞாயித்துக்கிழமை ஜெபத்துல நான் இருக்கலாமா?’ என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. பாட்டு எண் யார் சொல்லுவது, பிறகு? உன் இடம் உன் இடம்தான் என்றேன். மகளுக்கு முதலில் கோபம் வந்தது. நீங்கள்தான் இவளைக் கெடுக்கிறீர்கள் என்றாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளை கையைவிட்டுப் போய்விடுவாளோ என்கிற பயம் என் அம்மாவுக்கும் இருந்தது. பிடியை இறுக்குவதைவிட வேலையைக் கொடுப்பது நல்லது என்று நான் ஆச்சியைப் பார்த்து நம்புகிறேன். அதைத்தான் மகளிடமும் சொன்னேன். அரைமனதாகச் சம்மதித்திருக்கிறாள்.

மே மாதம் ஊரில் அசனம். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். முன்பெல்லாம் பரிமாறுவது பையன்கள்தான். இப்போது பெண்பிள்ளைகளும் வாளி தூக்குகிறார்கள், என் காலத்தில் எனக்குக் கிடைக்காதது அது. அவள் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தம்பியிடம் பேசிவிட்டேன். ‘சின்னத் தாத்தா கோயிலுக்கே வரமாட்டாராமே, அவர் எப்படி?’ என்று அவள் கேட்டாள். அவரையே கேள், பந்தி முடிந்து அடுப்படியில் ஓய்வாக உட்காருகிறபோது நன்றாகப் பேசுவார் என்றேன். சோற்று வாளி அவளுக்குக் கனக்கும், முதல் வருஷம் ரசத்தில் தொடங்கட்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். சூடான வாளியைப் பிடிக்கக் கைத்துணி இரண்டு எடுத்து வரச் சொன்னான்.